லிக்னின் வகையறா

ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில் ஒருவர் 12 கோடி வருஷமாகப் படுத்திருக்கிறார். 18 மீட்டர் நீளம். எழுப்பி நிறுத்தினால் ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியை எட்டிப் பார்ப்பார். ஆனால் எழுப்ப முடியாது, ஆள் கல்லாகிவிட்டார். ஊரில் கல்மரம் என்பார்கள். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் வந்து பார்த்து எழுதிவைத்த பிறகுதான் இவர் “கண்டுபிடிக்கப்பட்டார்”. அதற்கு முன் அந்தப் பக்கம் ஆடு மேய்த்த அத்தனை பேரும் இவர்மேல் தடுக்கி விழுந்திருப்பார்கள். என்ன செய்வது, தடுக்கி விழுவது கண்டுபிடிப்பில் சேராது. அறிக்கை எழுதினால்தான் சேரும். எழுதிய கிருஷ்ணன் பின்னாளில் அந்தத் துறைக்கே இயக்குநரானார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். தடுக்கி விழுந்தவர்களுக்கு முட்டி சிராய்த்தது.

இந்த வட்டாரத்தில் படுத்தவர்களுக்குச் சரித்திரத்தில் இடம் உண்டு. 1953-இல் பக்கத்துக் கல்லக்குடியில், டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லித் தண்டவாளத்தில் படுத்த மு. கருணாநிதி பிறகு ஐந்து தடவை முதலமைச்சர் ஆனார். சாத்தனூர்க்காரருக்கு இத்தனை கோடி வருஷம் படுத்தும் கிடைத்தது ஒரு வேலியும் ஒரு தகவல் பலகையும்.

பலகையில் அவருடைய வயது இருக்கிறது, நீளம் இருக்கிறது. அவரை நிற்க வைத்தவன் பெயர் மட்டும் எந்தப் பலகையிலும் வருவதில்லை. அவன் பெயர் லிக்னின். அந்தக் குடும்பத்தின் கதையைத்தான் சொல்ல வந்தேன். பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் இந்த வகையறாவுக்கு இருக்கும் கிளைகளும் அவர்கள் பட்ட பாடும் வேறெங்கும் ஒரே இடத்தில் கிடைக்காது.

மூத்தவன் செல்லுலோஸ். குளுக்கோஸ் பின்னால் குளுக்கோஸ் என்று நேர்கோட்டில் நிற்பவன், ஒழுங்குக்காரன், வெள்ளைவெளேர். இளையவன் லிக்னின். வளையம் வளையமான மூலக்கூறுகள் எப்படி அகப்பட்டதோ அப்படிக் கோத்துக்கொண்டவன். இன்ன வடிவம் என்று கிடையாது, ஒரு மரத்து லிக்னின் இன்னொரு மரத்தில் இருக்காது. பழுப்பு நிறம், பிடிவாதக் குணம். மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு இவன்தான். நார் அண்ணனுடையது, அந்த நாரை விறைப்பாகப் பிடித்து நிறுத்தும் பசை தம்பியுடையது. 40 கோடி வருஷத்துக்கு முன்னால் இவன் பிறந்திராவிட்டால் பூமியில் இருக்கும் செடி எல்லாம் கணுக்கால் உயரப் பாசியாகவே இருந்திருக்கும். தண்ணீரை உச்சிவரை ஏற்றும் குழாய்க்குச் சுவர் வைத்துக் கொடுத்ததும் இவனே. ஆலமரம், அரசமரம், அதன் அடியில் பிள்ளையார், எதிரே டீக்கடை, எல்லாம் இவன் தயவு.

சாத்தனூர்க்காரர் ஊசியிலை மரச் சாதி. பூக்கும் மரங்கள் இன்னும் தலையெடுக்காத காலம். அன்றைக்கு இந்தப் பக்கம் கடற்கரை. ஆற்று வெள்ளம் இவரை அடித்துக்கொண்டு போய் ஆழமில்லாக் கடலில் தள்ளிவிட்டது. மேலே மணல் மூடியது. காற்று புகாத இடத்தில் பூஞ்சைக்கும் வேலை இல்லை. சிலிக்கா கரைந்த தண்ணீர் மட்டும் கசிந்து கசிந்து உள்ளே வந்தது. ஒழுங்குக்கார அண்ணன் முதலில் கழன்றுகொண்டான். தம்பி நின்றான். சிலிக்கா ஒவ்வொரு அறையாக வந்து உட்கார்ந்து, சுவர் சுவராக அளவெடுத்துப் படியும்வரை அச்சைக் கலைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். எல்லாம் இறுகிய பிறகு அவனும் கரைந்து போனான். பட்டா சிலிக்கா பேருக்கு மாறிவிட்டது. வீட்டின் அச்சு மட்டும் பழைய அச்சு.

சாத்தனூர்க்காரர் கிடக்கும் அதே கடல் படுகைக்கு 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு துரைமார்கள் வந்தார்கள். சங்கும் சிப்பியும் அம்மோனைட்டுமாக அள்ளி லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அங்கிருந்தபடியே அவற்றுக்கு லத்தீன் பெயர் சூட்டினார். பின்னால் பிளான்ஃபோர்டு வரைபடம் போட்டார், ஸ்டோலிச்சா தொகுதி தொகுதியாக எழுதினார். ஊர்க்காரர்கள் பெயர் வைக்க ஆரம்பித்தது கொஞ்சம் தாமதமாகத்தான். 2020-இல் குன்னம் பக்கம் மண் தோண்டிய இடத்தில் உருண்டை உருண்டையாகக் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று கைபேசிகளில் ஊர் ஊராகப் பரவியது. விவரம் தெரிந்தவர்கள் வந்து, ஐயா, இது முட்டை இல்லை, கடற்பிராணிப் படிவு என்றார்கள். முட்டைக்கு இருந்த மரியாதை அம்மோனைட்டுக்குக் கிடைக்கவில்லை.

சாத்தனூர்க் கிளை கல்லானது. கிழக்கே ஜெயங்கொண்டம் கிளை வேறு வழியில் போனது. அங்கே புதைந்த மரங்களுக்குள் சிலிக்கா வந்து குடியேறவில்லை. சதுப்பில் அமுங்கி, அண்ணன் பெரும்பாலும் மக்கிப்போக, தம்பியே குடும்பப் பொறுப்பை ஏற்றுப் பழுப்பு நிலக்கரியாக மாறினான். நெய்வேலியும் அதே கதைதான். அங்கே 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குக் கிணறு போட, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1956-இல் அரசாங்கம் கம்பெனி ஆரம்பித்தது. தோண்டினார்கள், எரித்தார்கள், மின்சாரம் எடுத்தார்கள். கொஞ்சத்தைச் சுட்டு “லெகோ” என்று புகையில்லாக் கரியாகவும் விற்றார்கள். அப்படிச் சுடும்போது ஃபீனாலும் கிரெசாலும் வடிந்தன. அதாவது கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் வளையம் வளையமான ரத்தம் மாறவில்லை.

ஜெயங்கொண்டத்திலும் அதையே செய்யலாம் என்று 1990-களில் டிட்கோ என்ற அரசு நிறுவனம் மூலம் நிலம் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர். கொடுத்த பணம் போதாது என்று விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு வளர்ந்தது, வழக்குப் போட்டவர்களின் பிள்ளைகள் வளர்ந்து அவர்களும் கோர்ட்டுக்கு நடந்தார்கள். நிலக்கரி மட்டும் வெளியே வரவில்லை. 2020-களில் திட்டத்தைக் கைகழுவி நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதென்று அரசு முடிவு செய்தது. லிக்னின் வகையறாவில் இந்த ஒரு கிளைக்குத்தான் அடுப்பிலிருந்து விடுதலை. அதுவும் நல்லெண்ணத்தால் அல்ல, கோப்பு நகராததால்.

சரி, உயிரோடு இருக்கும் மரத்து லிக்னினுக்கு வருவோம். 1838-இல் ஆன்செல்ம் பேயன் என்ற பிரெஞ்சுக்காரர் மரத்தை நைட்ரிக் அமிலத்தில் போட்டு வேகவைத்து வெள்ளையாக ஒன்றைப் பிரித்தார். அதற்குச் செல்லுலோஸ் என்று பெயர் வந்தது. கரைந்து போனதை, நார்மேல் அப்பிக் கிடந்த பொருள் என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவினார். நைட்ரிக் அமிலத்தில் நாட்கணக்கில் வெந்தவனுக்கு இதுதான் இரங்கற்பா.

அதிலிருந்து ஆரம்பித்தது காகித ஆலைக்காரர்களின் பகை. அவர்களுக்கு அண்ணன் மட்டும் வேண்டும். தம்பி கூட வந்தால் காகிதம் பழுப்பேறும். ஆறு மாதத்துப் பழைய செய்தித்தாளைப் பரணிலிருந்து எடுத்தால் மஞ்சளாக இருக்கிறதே, அது வெயில் பட்டுக் கோபித்துக்கொண்ட லிக்னின்தான். ஆகவே இவனை வெளியேற்ற உலகம் முழுக்க ஆட்கள் கிளம்பினார்கள். 1860-களில் அமெரிக்காவில் டில்மன் கந்தக வாயுக் கரைசலில் வேகவைத்தார். 1879-இல் கார்ல் டால் என்பவர் டான்சிக் நகரில் சோடியம் சல்ஃபேட்டைச் சேர்த்துப் பார்த்து, இன்றைக்கும் உலகத்துக் காகித ஆலைகள் பின்பற்றும் முறையைக் கண்டார். மரச் சில்லுகளைக் காரத்தில் அவித்தால் லிக்னின் கழன்று கருஞ்சாறாக ஓடும். ஆரம்பத்தில் அந்தக் கருஞ்சாறு ஆற்றில் ஓடியது. மீன்கள் ஆட்சேபித்தன; மீன்களுக்கு ஓட்டு இல்லை.

1930-களில் டாம்லின்சன் என்ற பொறியாளர் இந்தக் கருஞ்சாற்றைக் கெட்டியாக்கிக் கொதிகலனில் எரிக்க வழி கண்டார். அவித்த ரசாயனம் திரும்பக் கிடைத்தது, நீராவி கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது. லிக்னினின் தலையெழுத்தை எழுதி முடித்தது இந்த ஆள்தான். அண்ணனைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெப்பம் தரக்கூடியவன் தம்பி. இப்படி ஒருவன் கையில் சிக்கிவிட்டால் அவனை வைத்து ஆராய்ச்சி செய்வானேன், அடுப்பில் வைத்தால் போயிற்று! உலகக் காகித ஆலைகளில் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் லிக்னின் கழன்று வருகிறது. அதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் வேறு வேலைக்குப் போகிறது என்பார்கள். மீதி சொர்க்கத்துக்கு, புகைபோக்கி வழியாக.

நம் ஊரில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையைக் கொதிகலனில் போட்டு எரிப்பது வழக்கம். 1979-இல் கரூர் பக்கம் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சக்கையை எங்களிடம் கொடுங்கள், பதிலுக்கு எரிக்க வேறு எரிபொருளுக்கு ஏற்பாடு செய்கிறோம் என்று ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டது. நல்ல யோசனை, மரம் வெட்டாமல் காகிதம். சர்க்கரை ஆலை அடுப்பிலிருந்து தப்பித்து லாரி ஏறி அண்ணன் தம்பி இருவரும் காகிதபுரம் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் பாடப்புத்தகமானான். தம்பியைக் கருஞ்சாறாக்கி அங்கேயும் அடுப்பிலேயே வைத்தார்கள்.

லிக்னின் நாக்கை ஏமாற்றிய சங்கதியும் உண்டு. 1874-இல் டீமான், ஹார்மான் என்ற இரு ஜெர்மானியர்கள் ஊசியிலை மரச்சாற்றிலிருந்து வெனிலா மணத்தைச் செய்துகாட்டினார்கள். 1930-களில் காகித ஆலைக் கழிவிலிருந்தே அதை எடுக்கத் தெரிந்துகொண்டார்கள். உலகத்துக் குழந்தைகள் பல தலைமுறையாக நக்கிய வெனிலா ஐஸ்கிரீமில் கணிசமானது கனடாவிலும் அமெரிக்காவிலும் காகித ஆலைக்குப் பின்புறம் ஓடிய சாக்கடையின் உபயம். பெட்ரோலியத்திலிருந்து மலிவாக வந்ததும் லிக்னினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நார்வேயில் போரகார்ட் என்ற ஒரு கம்பெனி மட்டும் இன்னும் மரத்திலிருந்தே எடுக்கிறது.

இன்னொரு வேலை அரியலூர்க்காரர்களுக்கு நெருக்கமானது. டில்மன் வழியில் வேகவைக்கும் சல்ஃபைட் ஆலையில் கழன்ற லிக்னினைக் கான்கிரீட்டில் துளி கலந்தால், தண்ணீரைக் குறைத்தாலும் கலவை இளக்கமாக ஓடும் என்று 1930-களிலேயே கண்டார்கள். அரியலூர் சுண்ணாம்புக்கல் என்பது அந்தப் பழைய கடலின் சிப்பிகள். அதை அரைத்துச் சிமெண்ட் செய்கிறார்கள், அந்தச் சிமெண்டில் எங்கோ ஒரு மரத்தின் லிக்னின் கலக்கிறது, தளம் போட்டுக் குடிபுகுந்தவர் ராகுகாலம் பார்க்கிறார். மரமும் கடலும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து கல்லாகிவிட்டன. இந்தத் தடவை ஒரு மாதத்தில் வேலை முடிந்தது.

இனி நுரைக்கு வருவோம். 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் என்பவர் பாலியூரித்தேனைச் செய்தார். ஐசோசயனேட் ஒரு பக்கம், பாலியால் ஒரு பக்கம், இரண்டும் கைகோத்தால் பிளாஸ்டிக். கொஞ்சம் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் ஐசோசயனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடு கிளம்பும்; பொருள் முழுக்க ஓட்டை ஓட்டையாகிவிடும். சோதித்துப் பார்த்த யாரோ ஒருவர், போலி சுவிஸ் சீஸ் செய்ய லாயக்கு என்று குறிப்பெழுதினாராம். அந்த ஓட்டைதான் இன்றைக்கு நாம் படுக்கும் மெத்தை, பஸ் சீட்டு, குளிர்பதனப் பெட்டியின் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் நுரை.

பாலியாலுக்குத் தேவை கைகோக்க ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கொக்கிகள். அது லிக்னின் உடம்பெல்லாம் இருக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியாலுக்குப் பதில் இவனை உட்கார வைத்தால் என்ன என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சிக் கூடங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உட்கார வைத்தும் பார்த்தார்கள். தொல்லை ஒன்றா இரண்டா? பாலியால் திரவம், இவன் தூள். கொக்கிகளில் பாதி உள்ளே மடிந்து கிடக்கும், வெளியே இழுக்க புரொப்பிலீன் ஆக்ஸைடோடு அழுத்தத்தில் வேகவைக்க வேண்டும். அது லேசில் அணுகக்கூடிய ரசாயனம் அல்ல. கொஞ்சம் கலந்தால் நுரை விறைப்பாகும். அளவு மிஞ்சினால் நொறுங்கும். காரத்தில் அவித்து வந்தவன் மேல் கந்தக வாடை. நிறமோ கடுங்காப்பி. இந்த நிறத்தில் மெத்தை விற்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஆகையால் குளிர்பதனப் பெட்டிச் சுவர், கூரைத் தடுப்பு என்று முகம் காட்டத் தேவையில்லாத இடங்களுக்கே சிபாரிசு.

அதற்கு மேல், போன வாரம் வந்த லிக்னினும் இந்த வாரம் வந்த லிக்னினும் ஒன்றாக இராது. தைலமரம் ஒரு குணம், ஊசியிலை மரம் ஒரு குணம், கரும்புச் சக்கை வேறொரு குணம். தொழிற்சாலைக்காரருக்கு இதைவிடக் கசப்பான சங்கதி கிடையாது.

இருந்தும் விடவில்லை. 2020 வாக்கில் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்டெர்ன்பெர்க்கும் ஸ்ரீகாந்த் பிள்ளாவும் லிக்னினை வைத்து, நச்சுத்தன்மை கொண்ட ஐசோசயனேட்டே இல்லாமல் நுரை செய்துகாட்டினார்கள். பாலியாலை மட்டும் மாற்றப் போய், எதிர்வீட்டுக்காரரையும் சேர்த்துக் காலி பண்ணியாயிற்று. ரசாயனத்தில் குறை சொல்ல இடமில்லை. வியாபாரம்தான் இடிக்கிறது. பின்லாந்தின் சுனிலா ஆலையில் ஸ்டோரா என்சோ கம்பெனி ஆண்டுக்கு 50,000 டன் லிக்னின் பிரிக்கும் ஏற்பாட்டோடு 2015-இல் பிரமாதமாக இறங்கியது. 2023-இல் அந்த ஆலையையே மூடிவிட்டார்கள். இந்தத் துறைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் ஒரு பழைய நகைச்சுவை: லிக்னினிலிருந்து எதை வேண்டுமானாலும் செய்யலாம், பணத்தைத் தவிர.

பெட்ரோல் மலிவாக இருப்பதால்தான் இவன் தோற்கிறான் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழியை முழுக்கப் பெட்ரோல்மேல் போட மனம் வரவில்லை. எதிரி கொதிகலன். எந்த ஆலைக்காரர் லிக்னினை நுரைக்காக விற்றாலும், அன்றைக்கு அடுப்பில் குறைந்த வெப்பத்துக்கு வேறு எரிபொருள் வாங்கியாக வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்தவுடன் விஞ்ஞானியை டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

பெரம்பலூரிலேயே பாருங்கள். இறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சக்கை மலையாகக் குவிகிறது. அதே இறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா வந்து, 2023-இல் திறந்த கோத்தாரி ஆலையில் க்ராக்ஸ் செருப்பு செய்கிறார்கள். ஓட்டை ஓட்டையாக, எடையே இல்லாத அந்தச் செருப்பு முழுக்க முழுக்க பிளாஸ்டிக் நுரை, பெட்ரோலிய வம்சம். நுரைக்கு ஆசைப்படும் லிக்னினும் நுரையை விற்கும் ஆலையும் ஒரே ஊரில். இருவரையும் யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. சுற்றிலும் கரிசல் காட்டில் பருத்தி. பஞ்சு அண்ணன், அது மில்லுக்குப் போய் வேட்டியாகும். பருத்திமாரில் இருக்கும் தம்பி அடுப்பெரிக்கப் போய்விடுவான்.

இந்தக் குடும்பத்தில் நுரைக்குள் நுழைந்துவிட்ட கெட்டிக்கார உறவினர் ஒருவர் உண்டு, அதுவும் பக்கத்து அரியலூர் ஜில்லாவில். ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக்காடு. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து விட்ட பிரேசில் சரக்கு. முந்திரிக்கொட்டை ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் பொத்துப்போகும். உடைக்கும் பெண்களின் விரல்களைக் கேட்டால் சொல்லும். அதிலும் அதே ஃபீனால் வளையம்தான், பின்னால் ஒரு நீள வால் உண்டு. கார்டனால் என்று பெயர். 1920-களில் ஹார்வி என்ற அமெரிக்கர் இதை ஆராயத் தொடங்கினார். வண்டிகளின் பிரேக் கட்டையில் போனது, பெயின்டில் போனது, இப்போது பாலியூரித்தேன் நுரைக்குப் பாலியாலாகவும் போகிறது. பட்டால் பொத்துப்போகும் சரக்குக்கு விலை, மரத்தைத் தாங்கி நின்றவனுக்கு அடுப்பு.

காரணம் ரொம்பச் சாதாரணம். எண்ணெயோடு முந்திரி ஓட்டை அடுப்பில் வைத்தால் புகை கண்ணைப் பிடுங்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அதனால் முதலில் எண்ணெயை எடுத்துவிடுகிறார்கள், சக்கைதான் சூளைக்குப் போகிறது. லிக்னின் அப்படி யார் கண்ணையும் கரிக்கவைத்ததில்லை. எந்த அடுப்பில் வைத்தாலும் மறுபேச்சில்லாமல் நின்று எரிகிறான்.